சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு: பிள்ளையை அனுப்பலாமா, நாமும் போகலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் பழைய கடைவரிசையில் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. கீழே பள்ளிப் பயிற்சி நூல்கள், எழுதுபொருள், கட்டுக்கட்டாகப் பழைய வார இதழ்கள். மாடியில் சனிக்கிழமைதோறும் மாலை நான்கிலிருந்து ஆறு மணிவரை ஒரு வாசிப்பு வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் 'சார்'தான். ஒரு ஆங்கில நாவலை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படிப்பார், அப்புறம் தமிழில் பேசுவோம். பெரியவர்களுக்கு மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்). மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

என் மகள் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடப் போய் உட்கார்ந்தவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் தையல் கடையை மூன்றரைக்கே மூடிவிட்டுப் போகிறேன். தீபாவளி நேரத்தில்கூட அப்படித்தான். போகலாமா என்று பல பேர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் எடுத்த நாவல் மேரி ஷெல்லியின் ஃபிராங்கென்ஸ்டைன். 1818 ஜனவரியில் லண்டனில், எழுதியவர் பெயர் போடாமல், மூன்று பாகங்களாக வந்தது. எழுத ஆரம்பித்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 18. ஃபிராங்கென்ஸ்டைன் என்பது, பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்து அதற்கு உயிர் கொடுத்த விக்டருடைய குடும்பப் பெயர். உயிர் பெற்றவனுக்குக் கடைசிவரை பெயரே இல்லை. சினிமாவில் உறுமிக்கொண்டு நடக்கிற உருவத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு நாவல் பெரிய ஆச்சரியமாக இருக்கும். இதில் அவன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். படித்தவன் பேசுகிற மாதிரிப் பேசுகிறான்.

சார் வெள்ளைப் பலகையில் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்பக்கம், அவன் என்ன செய்தான். வலப்பக்கம், அவனுக்கு யார் என்ன செய்தார்கள். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை மாறக்கூடாது. ஒவ்வொரு வாரமும் படித்த பகுதிக்கு நாங்கள்தான் சொல்லவேண்டும், அவர் எழுதுவார். மற்றபடி விரிவுரை எதுவும் கிடையாது. இந்த வகுப்புக்கு நான் பத்துக்கு எட்டு கொடுக்கிறேன் என்றால் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்காகத்தான்.

வலப்பக்கம் முதல் வரியே விக்டர் ஓடியதுதான். உயிர் வந்த ராத்திரி, படுக்கையில் கிடந்த விக்டரைத் தேடி வந்து, திரையை விலக்கிப் பார்த்து, பல்லைக் காட்டிச் சிரித்துக் கையை நீட்டுகிறான் அவன். விக்டர் எழுந்து ஓடிவிடுகிறான். வகுப்பில் பேத்தியோடு வருகிற ஒரு பாட்டி இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்தவர், ஆங்கிலம் தெரியாது. சார் தமிழில் சொன்னதும், "பெத்தவன் ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்கலியா?" என்று கேட்டார். சார் அதையும் வலப்பக்கத்திலேயே எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு அவன் காட்டில் அலைகிறான், நெருப்பைக் கண்டுபிடிக்கிறான், அது சுடும் என்று தெரிந்துகொள்கிறான். ஒரு கிராமத்துக்குள் போனால் கல்லால் அடிக்கிறார்கள். கடைசியில் டி லேசி என்ற குடும்பத்தின் வீட்டை ஒட்டிய ஒரு கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவரின் சிறு இடுக்கு வழியாக மாதக்கணக்கில் அவர்களைப் பார்க்கிறான். கண் தெரியாத அப்பா, மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த சாஃபி என்ற பெண்ணுக்கு ஃபெலிக்ஸ் பாடம் சொல்லிக்கொடுக்க, சுவருக்கு இந்தப் பக்கம் இவன் பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்கிறான்.

இந்த இடத்தில் நானும் வகுப்பில் வாய் திறந்தேன். எங்கள் தோட்டத்தில் முதலில் டிவி வந்தது ஒரு கிராணி வீட்டில், அதாவது தோட்டத்துக் கணக்கர் வீட்டில். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் நாங்கள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்போம். மலாய் செய்தியில் வருகிற வார்த்தைகளை நான் அங்கே நின்றுதான் பிடித்துக்கொண்டேன். உள்ளே அவர்கள் சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், பிள்ளைகளைத் திட்டுவார்கள். யார் எப்படிப்பட்டவர், யாருக்கு என்ன பிடிக்கும் என்று எங்களுக்கு எல்லாம் தெரியும். எங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் கொசு வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினார்கள், அதோடு சரி. நான் இதைச் சொன்னதும் என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டில் நான் இதைச் சொன்னதே இல்லை.

இடப்பக்கம் அப்போதுதான் நிறையத் தொடங்கியது. முதலில் அவர்கள் சாப்பாட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டவன், அவர்களே பசியோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, காட்டில் கிடைத்ததைத் தின்கிறான். ராத்திரியில் போய் விறகு வெட்டிக்கொண்டு வந்து வாசலில் போடுகிறான். பனியை ஒதுக்கிப் பாதை செய்கிறான். யார் செய்தது என்று தெரியாமல் அவர்கள் அதிசயப்படுகிறார்கள். அதைக் கேட்டு இவனுக்குச் சந்தோஷம். இந்தப் பக்கங்களைச் சார் அவசரப்படாமல், இரண்டு முறை திரும்பப் படித்துக்கூட, நடத்தினார். அதற்காக அவருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். மற்ற இடங்களில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதைத் தாண்டிக் கொலைக்கு ஓடிவிடுகிறார்கள்.

பிறகு அவன் துணிந்து, மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து, கண் தெரியாத பெரியவரிடம் போய்ப் பேசுகிறான். உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியாது, ஆனால் உங்கள் பேச்சில் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார் அவர். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். ஃபெலிக்ஸ் அவனைக் கீழே தள்ளித் தடியால் அடிக்கிறான். திருப்பி அடித்தால் ஃபெலிக்ஸ் பிழைக்கமாட்டான். இவனோ கை ஓங்காமல் வெளியேறிவிடுகிறான். பின்னால் அந்த வீட்டைக் கொளுத்தியது வேறு விஷயம், அதுவும் பலகையில் இடப்பக்கம் ஏறியது. அப்புறம் ஆற்றில் விழுந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். அவளோடு வந்தவன் இவனைத் துப்பாக்கியால் சுடுகிறான்.

வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், அவனும் நான்காம் படிவம். பள்ளியில் அவனை மார்க் குறைந்தவர்களுக்கான கடைசி வகுப்பில் போட்டிருக்கிறார்கள். முதல் சில வாரங்கள் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மட்டும், "சார், அந்தத் தாத்தாவுக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா அவரும் அடிச்சிருப்பாரா?" என்று கேட்டான். சார் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை அவனிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். திக்கித் திக்கிப் படித்து முடித்தான், ஒருவரும் இடையில் திருத்தவில்லை. எங்கள் காலத்தில் தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்களை முதல் படிவத்துக்கு முன்னால் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் வைப்பார்கள். அந்த வருஷம் முழுக்க, எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் கால் நடுங்கும். இந்த மாடியில் அந்தப் பையன் நடுங்கவில்லை.

இப்படியே போனால், பாவம் அவன், எல்லாம் மற்றவர்கள் செய்த குற்றம் என்று முடிந்திருக்கும். எங்களில் பாதிப் பேர் அந்த மனநிலைக்கு வந்திருந்தோம். சார் விடவில்லை. வில்லியம் விக்டரின் சின்னத் தம்பி, ஒரு குழந்தை. குழந்தைக்கு வெறுப்புத் தெரியாது, இவனைத் தூக்கிப்போய் நண்பனாக வளர்க்கலாம் என்று நினைத்துப் பிடிக்கிறான், குழந்தை அலறுகிறது, தன் அப்பா ஃபிராங்கென்ஸ்டைன் என்று சொல்கிறது, கழுத்தை நெரித்துவிடுகிறான். பிறகு குழந்தையின் கழுத்தில் இருந்த சின்னப் படத்தை, அந்தப் பக்கமாகப் போன ஜஸ்டின் என்ற பெண்ணின் உடையில் வைத்துவிட்டுப் போகிறான். அவளைத் தூக்கில் போடுகிறார்கள். சார் இதை எழுதிவிட்டு, "வலப்பக்கத்தில் இருப்பது காரணம். அதைக் காட்டி இடப்பக்கத்தில் இருக்கிற எதையும் நான் அழிக்கமாட்டேன்" என்றார். நல்லவனாக இருந்தேன், துயரம்தான் என்னைப் பிசாசாக்கியது என்று அவனே விக்டரிடம் சொல்கிறான். அது அவன் தரப்பு. அதையும் கேட்கவேண்டும், ஜஸ்டின் தரப்பையும் கேட்கவேண்டும் என்றார்.

ஜஸ்டினைப் பற்றி எடுத்துச் சொன்னது என் மகள். அந்தப் பெண்ணும் ஒதுக்கப்பட்ட பிள்ளைதான். அப்பா செல்லம், அம்மாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அப்பா செத்த பிறகு படாதபாடு பட்டவளை விக்டரின் அம்மா அழைத்துவந்து தன் வீட்டில் வைத்து வளர்க்கிறார். அவள் யாரையும் வெறுக்கவில்லை. "அவளுக்கு இன்னொரு வீடு கிடைச்சுது, இவனுக்குக் கிடைக்கல" என்றாள் மகள். உடனே பாட்டி கர்ணனைக் கொண்டுவந்தார். குந்தி ஆற்றில் விட்டாள், சபையில் குலம் கேட்டு அவமானப்படுத்தினார்கள், ஆனாலும் எடுத்து மார்பில் போட்டு வளர்க்க ராதை என்று ஒருத்தி இருந்தாள், அதனால்தான் அவனிடம் கொடுக்கிற கை இருந்தது என்றார். தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்களையும் அப்போது சொன்னார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகிற அம்மாக்கள் தூங்குகிற பிள்ளையை அப்படியே கொண்டுவந்து கிடத்துவார்களாம், கண் விழிக்கும்போது எந்த முகம் தெரிகிறது என்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய விஷயமாம்.

எனக்கு இந்த நாவல் திறந்தது அந்த நிமிஷத்தில்தான். ஒதுக்குவது மட்டும் ஒருவனைக் கெடுத்துவிடுவதில்லை. ஒதுக்கிய பிறகு அவன் தட்டுகிற அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு, அங்கெல்லாம் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். ஷெல்லி அதைத்தான் ஒவ்வொரு கதவாக எழுதியிருக்கிறார்.

சரி, அன்பாக வளர்ந்தால் எல்லாம் நல்லபடி ஆகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. விக்டரைப் போலச் செல்லமாக வளர்ந்த பிள்ளை கிடையாது. அவனுடைய பதின்மூன்று வயதில் அக்ரிப்பா என்பவரின் பழைய ரசவாதப் புத்தகம் ஒன்று கையில் கிடைக்கிறது. ஆசையோடு அப்பாவிடம் காட்டுகிறான். அவர் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இது வெறும் குப்பை, இதில் நேரத்தை வீணாக்காதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அப்பா கொஞ்சம் உட்கார்ந்து இந்தக் கருத்துகள் ஏன் காலாவதியாகிவிட்டன என்று விளக்கியிருந்தால், நான் இந்த அழிவுக்கு வந்திருக்கமாட்டேனோ என்னவோ என்று பின்னால் விக்டரே சொல்கிறான். பழியை அப்பா மேல் போடுகிறானா, உண்மையைச் சொல்கிறானா என்று வகுப்பில் பெரிய விவாதம். வந்திருந்த அப்பாமார்கள் இரண்டு பேரும் அன்றைக்குக் கொஞ்சம் அமைதியாக இருந்தார்கள்.

எழுதியவரின் வாழ்க்கைக்கு ஒரு வாரம் முழுசாக ஒதுக்கினார் சார். மேரி பிறந்தது 1797 ஆகஸ்ட் 30. செப்டம்பர் 10ஆம் தேதி தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பிரசவக் காய்ச்சலில் இறந்துபோனார். 1814இல், 16 வயதில், மேரி கவிஞர் ஷெல்லியோடு வீட்டை விட்டுப் போனார். தகப்பனார் வில்லியம் காட்வின், 1816 டிசம்பரில் அவர்களுக்குக் கல்யாணம் ஆகும்வரை மகள் முகத்தில் விழிக்கவில்லை. 1815இல் பிறந்த முதல் பெண் குழந்தை சில நாட்களே இருந்தது. அது குளிரில்தான் விறைத்துவிட்டது, நெருப்பருகில் வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக மேரி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டு வகுப்பில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். வாழ்க்கையை அப்படியே நாவலில் தேடாதீர்கள், ஆனால் தெரிந்துகொண்டு படியுங்கள் என்றார் சார். நான் அவரை விடக் கொஞ்சம் கூடவே தேடுகிறேன்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது தம்போரா. 1815 ஏப்ரலில் சும்பாவா தீவில் வெடித்த எரிமலை, நம் பக்கத்து நாட்டு இந்தோனேசியாவில் இருப்பது. அதன் புகையும் தூசும் வானத்தில் பரவித்தான் 1816இல் ஐரோப்பாவில் கோடைகாலமே வராமல் குளிரும் மழையுமாகப் போனது. ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த கவிஞர் பைரனும் ஷெல்லியும் மேரியும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று முடிவுசெய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்த நாவல்.

குறைகளையும் சொல்லவேண்டும். கீழே கடையில் 8 வெள்ளிக்கு விற்கிற பழைய பிரதிகள் 1831இல் மேரியே திருத்தி வெளியிட்ட பதிப்பு. சார் படிப்பது 1818 பதிப்பு. பக்கம் ஒத்துவராது, சில இடங்களில் கதையே மாறும். போட்டோஸ்டேட் தாள் கொடுக்கிறார்கள், ஆனால் மங்கலாக இருக்கிறது, வயதானவர்களுக்குக் கண் வலிக்கும். ஒன்று மட்டும், இந்தக் குழப்பத்தால் எங்களுக்கு ஒரு நல்ல வாரம் கிடைத்தது. விக்டரோடு சேர்ந்து வளர்கிற எலிசபெத், 1818 பதிப்பில் அவனுடைய அத்தை மகள். 1831 பதிப்பில் அவள் இத்தாலியில் ஓர் ஏழை வீட்டில் வளர்கிற அநாதை. விக்டரின் அம்மா அந்தக் குடிசைக்குள் போகிறபோது ஐந்து பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். நான்கு பேர் கருவிழியும் முரட்டு உடம்புமான பிள்ளைகள். எலிசபெத் மட்டும் வெளுத்த நிறம், தங்க முடி. அவளைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். முகத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிற அந்த வீட்டில் வளர்ந்தவன்தான் விக்டர். பின்னால் முகத்தைப் பார்த்தே ஓடுகிறான். மற்ற நாலு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பாட்டியின் பேத்தி கேட்டாள். நாவலில் அவர்களைப் பற்றி அதற்கு மேல் பேச்சில்லை. கறுப்பாகப் பிறந்த பிள்ளையைச் சொந்தக்காரர்கள் என்னென்ன சொல்வார்கள் என்று தெரிந்த எங்களுக்கு அந்தக் கேள்வி சும்மா போகவில்லை.

கடைசிப் பகுதியை, அதாவது வடதுருவப் பனியில் விக்டர் அவனைத் துரத்துவதை, இரண்டே வகுப்பில் முடித்துவிட்டார்கள். அவன் விக்டரின் பிணத்தருகில் நின்று அழுகிற இடத்துக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கவேண்டும். எவ்வளவு வெறுத்தாலும் அவனுக்கு இருந்த ஒரே உறவு விக்டர்தான்; அந்தப் பக்கங்களைப் படிக்காமல் அவனைப் புரிந்துகொள்ள முடியாது. தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு மேல் வீடு திரும்ப வண்டி கிடைப்பது சிரமம், அதனால்தான் அவசரம் என்றார்கள். அப்படியானால் மூன்று மணிக்கே ஆரம்பிக்கலாம். மின்விசிறி ஒன்றுதான் ஒழுங்காகச் சுற்றுகிறது, பின்வரிசையில் உட்கார்ந்தால் வெந்துபோவீர்கள். காடி நிறுத்த இடம் தேடி அலையவேண்டும்.

இது ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுக்கான டியூஷன் இல்லை. மார்க் வாங்க வைப்பார்களா என்று கேட்டு அனுப்பாதீர்கள். என் மகளின் ஆங்கிலம் தேறியிருக்கிறது, அது கூட வந்த லாபம். பள்ளியில் ஒரு பெண்ணைப் பற்றி எல்லாரும் பேசுவதைச் சொன்னபோது, "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியாதும்மா" என்றாள். இதற்கு மேல் 10 வெள்ளிக்கு என்ன கேட்பது? சிறு பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்; கொலை வருகிற பக்கங்களைச் சார் மறைக்காமல்தான் படிப்பார்.

இப்போது எமிலி பிராண்டியின் வதரிங் ஹைட்ஸ் ஆரம்பித்திருக்கிறார்கள், 1847இல் வந்தது. லிவர்பூல் தெருவில் பட்டினியாகக் கிடந்த ஒரு பையனைப் பெரியவர் எர்ன்ஷா வீட்டுக்குத் தூக்கிவந்து, செத்துப்போன தன் மகனின் பெயரை, ஹீத்கிளிஃப் என்று, வைக்கிறார். போன கதையில் பெயரே இல்லை, இதில் இறந்த பிள்ளையின் பெயர். பெரியவர் கண்மூடியதும் மூத்தவன் ஹிண்ட்லி, ஹீத்கிளிஃபுக்குப் பாடத்தை நிறுத்திப் பண்ணை வேலைக்கு அனுப்பிவிடுகிறான். நாங்கள் நிற்பது இந்த இடத்தில். ராதை மாதிரி ஒருவர் கிடைத்து, அவரும் பாதியில் போய்விட்டால் என்ன ஆகும் என்று பாட்டி போன வாரமே கேட்டுவிட்டார். பலகையில் வலப்பக்கம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் இந்த மாதமே வந்தால் விட்டதைப் பிடித்துக்கொள்ளலாம்.

கடைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். மாடிப்படி மிகவும் செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பியும் ஒரு பக்கம்தான். சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் கீழே வியாபாரம் குறைவு என்று நீங்களே சொல்கிறீர்கள். பயிற்சி நூல் அடுக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வகுப்பைக் கீழேயே நடத்துங்கள். பாட்டி பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கித்தான் மேலே வருகிறார். இந்தக் கதை முடியும்வரை அவர் வகுப்பில் இருக்கவேண்டும்.